பாங்காக்ல ரோட்டை விட்டுட்டு வாய்க்கால்ல இறங்குன கதை

சென்னையில நைட் ஃப்ளைட் ஏறி விடியக்காலைல டான் முவாங் ஏர்போர்ட்ல இறங்குனோம், நானும் காலேஜ் நண்பனும், ஆளுக்கு ஒரு பை. டாக்ஸிக்காரங்க சொன்ன ரேட்டைக் கேட்டுட்டு ஏ4 பஸ்ஸுக்குக் காத்திருந்து 50 பாட்ல காவ் சான் ரோடு போய்ச் சேர்ந்தோம். ஒரு பாட் அப்ப சுமாரா ரெண்டரை ரூபான்னு வச்சுக்கங்க. ஹாஸ்டல்ல பங்க் பெட் ஆளுக்கு 350 பாட்.

காவ் சான்னா அரிசின்னு அர்த்தம், ஒரு காலத்துல அரிசி மண்டிங்க இருந்த தெரு, நம்ம ஊர் அரிசிக்கடைத் தெரு மாதிரி. இப்ப அங்க அரிசியைத் தவிர எல்லாம் விக்குறாங்க. குச்சில குத்தின தேள், அதை வாங்காம ஃபோட்டோ எடுத்தா 10 பாட்னு போர்டு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எதிரெதிர் கடைல ரெண்டு பாட்டு ஒரே நேரத்துல ஓடுது. பேக்பேக்கர்னா இங்கதான் தங்கணும்னு எல்லாரும் சொல்றதக் கேட்டு தங்குனோம், உண்மையச் சொன்னா முதல் ராத்திரியே எனக்கு வெறுத்துப் போச்சு.

மறுநாள் அரண்மனை. மதில் ஓரமா நடந்துட்டு இருந்தப்ப நல்லா டிரெஸ் பண்ணின ஒரு பெரியவர் வந்து, இன்னிக்குப் பூஜை இருக்கு, மத்தியானம் வரைக்கும் உள்ள விடமாட்டாங்க, அதுக்குள்ள துக்துக்ல, அதாவது அவங்க ஊர் ஆட்டோல, வெறும் 20 பாட்ல நாலு கோயில் பாத்துட்டு வந்துடலாம்னு அவ்ளோ அன்பா சொன்னாரு. இந்த டிரிக்க பத்தி படிச்சிட்டுதான் போயிருந்தோம், ஆனா நேர்ல அந்த மனுஷன் பேசுறப்ப நம்பிட்டோம்ங்க, என்ன பண்றது. முதல் கோயில் ஓகே, ரெண்டாவது நிறுத்தம் ரத்தினக்கல் கடை, மூணாவது தையல் கடை. எதுவும் வாங்கலைன்னதும் துக்துக்காரர் மூஞ்சி மாறி எங்கயோ ஒரு சிக்னல்ல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாரு. திரும்பி வந்தா அரண்மனை காலைல 8.30-ல இருந்து திறந்துதான் இருக்கு. அப்பவும் உள்ள போக முடியல, ஏன்னா நண்பன் முட்டி தெரியிற ட்ராயர். "டேய், பேன்ட் போடுன்னு சொன்னேன்ல"ன்னு நானும், "கோயில் பாக்கலாம்னு ஆட்டோல ஏத்துனது யாரு"ன்னு அவனும், அந்த வெயில்ல நடு ரோட்ல சண்டை.

அன்னிக்கு சாயங்காலம் சியாம்னு மால்கள் இருக்குற ஏரியா பக்கம் போகலாம்னு டாக்ஸி ஏறினோம். முக்கா மணி நேரம் ஆச்சு, பாதி தூரம்கூடப் போகல. சிக்னல் ஒரு தடவ சிவப்பு விழுந்தா ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். ராத்திரி ஹாஸ்டல் ரிசப்ஷன்ல இருந்த அக்காகிட்ட புலம்பினேன். அவங்க சிரிச்சிட்டு மேப்ல ஒரு கோடு வரஞ்சு காட்டுனாங்க, ரோட்ல ஏன் போறீங்க, கிளாங்ல போங்கன்னு. கிளாங்னா வாய்க்கால்.

இங்கருந்துதான் எனக்கு பாங்காக் ஆரம்பிச்சது.

காவ் சான்ல இருந்து ஜனநாயக நினைவுச்சின்னம் தாண்டி கால் மணி நேரம் நடந்தா மகாகான் கோட்டைன்னு வெள்ளையா ஒரு சின்ன கோட்டை, அதுக்குப் பக்கத்துல பான் ஃபா படகுத்துறை. நாங்க போனப்ப சென் செப் வாய்க்கால் படகு அங்கதான் கிளம்புச்சு. 1837-ல மூணாம் ராமாங்குற ராஜா காலத்துல, கிழக்க வியட்நாம்காரங்களோட நடந்த சண்டைக்குப் படை கொண்டு போக வெட்டின வாய்க்கால். இப்ப அதுல ஆபீஸ் போறவங்க போறாங்க. டிக்கெட் பத்து இருபது பாட்தான். படகு வந்து சரியா நிக்கக்கூட நிக்காது, கயித்தை ஒரு சுத்து சுத்துவாங்க, அந்த ரெண்டு செகண்ட்ல குதிச்சு ஏறிடணும், ஹை ஹீல்ஸ் போட்ட பொண்ணுங்க அசால்ட்டா ஏறுறாங்க, நாங்க பையோட தத்தளிச்சோம். கண்டக்டர் ஹெல்மெட் போட்டுக்கிட்டு படகோட வெளி விளிம்புல நடந்தே டிக்கெட் குடுக்குறாரு. ஹெல்மெட் எதுக்குன்னு முதல் பாலம் வந்தப்ப புரிஞ்சுது, அவ்ளோ தாழ்வு, படகோட கூரையையே இறக்குறாங்க.

தண்ணி கருப்பு. நாத்தம் அடிக்குது, கூவம் அளவுக்கு இல்லைன்னாலும் அந்த சாதிதான். ஓரத்துல உக்காந்தா எதிர்ல வர்ற படகு அலை மூஞ்சில அடிக்கும், அதுக்கு ஒரு தார்ப்பாய் மாதிரி பிளாஸ்டிக் ஷீட், கயித்தை இழுத்தா மேல ஏறும். அதை இழுக்குறது ஓரத்துல இருக்குறவன் வேலை. எனக்குத் தெரியல. பக்கத்துல ஒரு அம்மா என்னைப் பாத்து ஏதோ தாய் மொழில திட்டிட்டு குறுக்க கை நீட்டி அவங்களே இழுத்தாங்க.

எனக்கு பக்கிங்ஹாம் கால்வாய் ஞாபகம் வந்துச்சு. அதுலயும் ஒரு காலத்துல படகு போச்சு, இப்ப நடுவுல பறக்கும் ரயில் தூண் நிக்குது. இவங்களும் தண்ணியைக் கெடுத்துத்தான் வச்சிருக்காங்க, ஆனா கெட்ட தண்ணியையும் வேலை வாங்குறாங்க. டாக்ஸில முக்கா மணி நேரத்துல போய்ச் சேராத சியாமுக்கு கால் மணி நேரத்துக்குள்ள வந்துட்டோம்.

பிரதூநாம்னு ஒரு துறை, அங்க படகு மாறணும். பிரதூன்னா கதவு, நாம்னா தண்ணி. அந்த 'நாம்' அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் வந்துச்சு. ஆறுக்கு மே நாம், அதாவது தண்ணித் தாய். மீன் சாஸுக்கு நாம் ப்லா. நண்பன் சுத்த சைவம், அவனுக்கு இந்த நாம் ப்லாதான் எமன், காய்கறி மட்டும் போடுங்கன்னு சொன்னா காய்கறி மட்டும் போட்டு மேல ரெண்டு ஸ்பூன் நாம் ப்லா ஊத்திடுவாங்க. ரெண்டு நாள் செவன் இலெவன்ல பிரெட்டும் வாழப்பழமும்தான். அப்புறம்தான் மஞ்சக் கொடில சிவப்பு எழுத்துல 'ஜே'ன்னு போட்ட கடைங்க கண்ணுல பட்டுச்சு, சீன வழக்க சைவக் கடைங்க, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. அன்னிக்கு அவன் மூணு தட்டு சாப்பிட்டான்.

பான் ஃபால இருந்து கொஞ்ச தூரம் நடந்தா ஒரு பெரிய சிவப்பு ஊஞ்சல் சட்டம், சாவ் சிங் சா. முதல்ல 1784-ல வச்சது, இருபது மீட்டருக்கு மேல உயரம். ஒரு விழாவுல அந்த ஊஞ்சல்ல ஆள் நின்னு ஆடி, மூங்கில்ல கட்டித் தொங்க விட்ட காசு முடிச்சைப் பல்லால கவ்வணுமாம்! ஊஞ்சல் ஆடுறத 1935-ல நிறுத்திட்டாங்க. ஆனா அந்த விழா இன்னும் நடக்குது, பேரு திரியம்பாவாய் திரிபாவாய். ரெண்டு தடவ வாய்விட்டு சொல்லிப் பாருங்க. திருவெம்பாவை, திருப்பாவைதான். அரசவை பிராமணங்க, பக்கத்துல இருக்குற தேவஸ்தான்ங்குற கோயில்ல அதை இன்னும் ஓதுறாங்க, தமிழ் உச்சரிப்பு அடையாளமே தெரியாம தேஞ்சு போயிருக்கு, அர்த்தமும் தெரியாது, ஆனா விடல. சின்ன வயசுல மார்கழி காலைல கோயில் ஸ்பீக்கர்ல இது ஓடுறப்ப நான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்கினவன். இங்க வந்து ரோடு ஓரத்துல மண்டைல அடிச்சிக்கிட்டேன். தேவஸ்தான் கதவு அன்னிக்கு சாத்தியிருந்துச்சு, கம்பி வழியா எட்டிப் பாத்துட்டு வந்தோம்.

அஞ்சு நாள்ல ஆறு தடவ அந்தப் படகுல போனோம். அரண்மனையக் கடைசி நாள்தான் பாத்தோம், 500 பாட், நண்பன் பேன்ட்ல. நல்லாத்தான் இருந்துச்சு, கூட்டம் ஜாஸ்தி. சாயங்காலம் கடைசியா ஒரு ரவுண்டுன்னு மறுபடி பான் ஃபா போனோம். ஓரத்து சீட் கிடைச்சுது. எதிர்ல படகு வர்றது தெரிஞ்சதும் நான் கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டேன், கரெக்டா நேரத்துக்கு. பின்னாடி சீட்ல ஜெர்மன்காரப் பையன் ஒருத்தன் ஃபோனை நீட்டி வீடியோ எடுத்துட்டு இருந்தான், அவன் பக்கத்து ஷீட் கீழயே கிடந்துச்சு. மூஞ்சி முழுக்க கருப்புத் தண்ணி.

அவன் முன்னாடி இருந்த ஒரு தாத்தா திரும்பிப் பாத்து திட்ட ஆரம்பிச்சாரு.