ஒரே நாணயம் எப்படி ஐந்தாகும்?

என் மகளுக்கு ஐந்து வயதிலேயே நாணயங்கள் அத்துப்படி. எதை நீட்டினாலும் இது ஒன்று, இது இரண்டு, இது ஐந்து என்று டக்கென்று சொல்லிவிடுவாள். சரி, கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, ஒரு கையில் ஐந்து மதிப்புள்ள ஒரு நாணயத்தையும் இன்னொரு கையில் ஒன்று மதிப்புள்ள மூன்று நாணயங்களையும் வைத்துக்கொண்டு எதில் காசு அதிகம் என்று கேட்டேன். யோசிக்காமல் மூன்று இருந்த கையைத் தொட்டாள்.

அவள்மீது தப்பே இல்லை. அதுவரை எண்ணுவது என்றால் ஒரு பொருளுக்கு ஒரு எண், எதையும் விடக்கூடாது, எதையும் இரண்டு தடவை தொடக்கூடாது என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தோம். காசு வந்ததும் நாமே அந்த விதியை மாற்றி, ஒரே பொருளை ஐந்தாக எண்ணச் சொல்கிறோம். அளவை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. யூரோவில் 10 சென்ட் நாணயத்தின் விட்டம் 19.75 மி.மீ., 5 சென்ட் 21.25 மி.மீ.; மதிப்பு கூடியதுதான் சிறியது!

அப்புறம் மாற்று விளையாட்டு ஆரம்பித்தோம். பகடையை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்கு ஒன்று மதிப்புள்ள நாணயங்களை எடுத்துக்கொள்வாள். ஐந்து சேர்ந்ததும் என்னிடம் கொடுத்து ஐந்து மதிப்புள்ள ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் நாள் கண் கலங்கிவிட்டது. ஐந்தைக் கொடுத்து ஒன்றை வாங்கினால் அவளுக்கு அது நஷ்டம்தானே? அதனால் எப்போது கேட்டாலும் திருப்பி மாற்றித் தருவேன் என்று சொன்னேன். அன்று மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை அதே நாணயத்தைக் கொடுத்து ஐந்தை வாங்கி, எண்ணிப் பார்த்து, மறுபடியும் கொடுத்தாள், நானும் அலுக்காமல் மாற்றினேன். எனக்குத் தெரிந்து அவளுக்குப் புரிந்தது அங்கேதான். செய்ததைத் திருப்பிச் செய்து பார்க்க முடிவதை சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியில் முக்கியமான படியாகச் சொன்னார். அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

நோட்டுகள் அவ்வளவு சிரமம் தரவில்லை. எண் பெரிதாக அச்சாகியிருக்கிறது, நிறமும் உதவுகிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் விளையாடி முடித்ததும் நாணயங்களை எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டால் ஆபத்து. நாணயம் போலவே இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம், அதனால் அது கண்ணிலேயே படக்கூடாது.

இப்போது கலந்து கிடக்கும் சில்லறையை வகை பிரித்து, பெரிய மதிப்பிலிருந்து எண்ணுகிறாள். ஐந்து, பத்து என்று போய், அடுத்து இரண்டு வந்தாலும் பதினைந்து என்று சொல்லிவிடுவாள். அதனால் வகை மாறும் இடத்தில் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு அடுக்கச் சொன்னேன். அங்கே வந்ததும் நிற்கிறாள், "இனிமே ரெண்டு ரெண்டா" என்று தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு என்று தொடர்கிறாள்.