அந்த ஒரு கல்

கனடாவின் கர்லிங் வீராங்கனை ஜெனிஃபர் ஜோன்ஸ் விட்ட அந்தக் கடைசிக் கல்லை இன்றைக்கும் வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கர்லிங் என்றால், பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு வட்டத்தின் நடுவே நிறுத்தும் ஆட்டம்.

2005, செயின்ட் ஜான்ஸ். கனடா பெண்கள் கர்லிங் இறுதிப்போட்டி, பத்தாவது எண்ட், அதாவது கடைசிச் சுற்று. ஜோன்ஸின் மானிடோபா அணி 4, எதிரணி ஒன்டாரியோ 6. மிச்சம் ஒரே கல்.

ஒன்டாரியோவின் கல் நடு வட்டத்தில். நேராக அடிக்க வழியில்லை.

ஜோன்ஸ் குறிவைத்தது ஓரத்தில், வட்டத்துக்கு வெளியே கிடந்த கல்லை. அவர் விட்ட கல் அதில் பட்டுத் திரும்பி, உள்ளே பாய்ந்து, நடுக்கல்லைத் தூக்கியது. மானிடோபாவுக்கு நாலு புள்ளி. 8-6.

கேரம் ஆடியவர்களுக்குப் புரியும். ஆனால் இது கிட்டத்தட்ட 20 கிலோ கிரானைட்!

கொஞ்சம் தடிப்பாகப் பட்டால் வேகமெல்லாம் அந்தக் கல்லுக்குப் போய்விடும். லேசாக உரசினாலோ திரும்பாமல் பின்னால் ஓடிவிடும். கைவிட்ட பிறகு திருத்த இருப்பது, கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கும் துடைப்பம் மட்டும். தேய்த்தால் உராய்வு குறையும், கல் வளைவதும் குறையும். தேய்த்தே வளைவைக் கூட்டுவது அவ்வளவு லேசில்லை.

ஜோன்ஸ் வக்கீலாகவும் இருந்துகொண்டு ஆடியவர். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 11 ஆட்டம், ஒரு தோல்வியில்லாமல் தங்கம். என் கணக்கில் அதுதான் பெரிது.

இருந்தாலும் விரல் போவது இந்த வீடியோவுக்குத்தான்.