தட்டு சுட ஒரு துப்பாக்கி: ஓசூர் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025

லைசன்ஸ் புக் கைக்கு வந்துடுச்சு. 12 போர்னா ஒரு குழல் அளவு, ரவை சிதறி அடிக்கிற ஷாட்கன், விளையாட்டுக்குன்னு எழுதி கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் சீல் போட்டு குடுத்துட்டாங்க. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், முன்ன மூணு இருந்துச்சு, அதனால இப்போதைக்கு ஒண்ண வாங்கி வைப்போம் பொறவு மாத்திக்கலாம்னு போற விஷயமில்ல இது.

ராயக்கோட்டை வீட்ல சொன்னதும் அப்பா "எதுக்கு சாமி, பன்னி வெரட்டவா?"ன்னு கேட்டார். எங்க பக்கம் துப்பாக்கின்னா தேன்கனிக்கோட்டை அஞ்செட்டி மலையோரத்து நாட்டுத் துப்பாக்கிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இல்லப்பா, மெஷின் வீசி பறக்குற தட்ட சுடுறது, போன வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஆடுனாரே அந்த ட்ராப்புன்னு சொன்னேன். களிமண் தட்டுன்னு பேருதான், உள்ள சுண்ணாம்புக்கல் பொடியும் தார் மாதிரி பிட்சும் கலந்தது, 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை, பள்ளத்துக்குள்ள இருந்து எந்தப் பக்கம் கெளம்பும்னு தெரியாது. அப்பா பொறுமையா கேட்டுட்டு "உடைஞ்ச தட்ட மறுபடி ஒட்டுவாங்களா?"ன்னார். இல்லன்னேன்.

ஜனவரி 11

கோயமுத்தூர்ல ஒரு ஆயுதக் கடை. ஒரு ஓவர் அண்டர், அதாவது குழல் மேலயும் கீழயும் இருக்குறது, பிரிக்காத புதுசு. பக்கவாட்டுல காடை பறக்குற மாதிரி செதுக்கல், பளபளன்னு கட்டை. கம்பெனி பேர் இங்க வேணாம்.

நான் டூல் ரூம்ல, அதாவது ஃபேக்டரிக்கு அச்சும் கருவியும் செய்யுற எடத்துல, வேலை பாக்குறவன், செதுக்கல்ல கண்ணு நிக்காது. கடைக்காரர்கிட்ட கேட்டு முன்கட்டைய, அதாவது குழலுக்கு அடியில கை புடிக்கிற கட்டைய, கழட்டினேன், ஏன்னா அது மாட்டியிருந்தா உள்ள இருக்குற ஆட்டத்த அது தாங்கிப் புடிச்சு மறைச்சுடும். கழட்டிட்டு பின்கட்டைய கக்கத்துல இடுக்கி குழல ஆட்டிப் பாத்தா மெலிசா ஒரு கிளிக். புது துப்பாக்கில. அடுத்து மேல் லீவர், குழல திறக்க தள்ளுற சாவி. பூட்டினதும் அது நடுவுக்கு கொஞ்சம் வலது பக்கமா நிக்கணும், தேயத் தேய நடுவுக்கு வரும், அதுக்கப்புறம்தான் இடது பக்கம் தாண்டும். இதுல கடையிலயே நட்டநடுவுல நிக்குது. அப்ப தேயறதுக்குன்னு விட்டு வச்ச இடம் எங்க போச்சு? கட்டை இரும்போட சேருற எடத்துல ஒரு பக்கம் முட்டுது, இன்னொரு பக்கம் நகம் போற அளவு சந்து. வெடிக்கிற உதை பூரா அந்த முட்டுற பக்கத்துலதான் இறங்கும், நாளாக நாளாக கைப்பிடி கிட்ட விரிசல் வரலாம்.

கடைக்காரர் நல்ல மனுஷர், "வாங்குறவங்க யாரும் இப்படி கழட்டிப் பாக்க மாட்டாங்க தம்பி"ன்னார். டீ வாங்கிக் குடுத்தார். வாங்காம வந்துட்டேன், தொப்பூர் கணவாய் ஏறுறப்பவும் அந்த கிளிக்தான் காதுல.

ஜனவரி 13

போகி, ஷிஃப்ட் இல்ல. உக்காந்து யோசிச்சேன்.

12 போருக்கு ஐரோப்பிய தரத்துல சாதா தோட்டா வெடிக்கிறப்ப வர்ற அழுத்தத்துக்கு எல்லை 740 பார், அதாவது காத்தழுத்தத்த விட சுமார் 740 மடங்கு. ஒரு போட்டில 125 தட்டு, ட்ராப்ல தகுதிச்சுத்துல ஒரு தட்டுக்கு ரெண்டு வெடி வரைக்கும் போடலாம், பயிற்சி அதுக்கு மேல. இத்தனை அடி வாங்குற இரும்பு தேயாம இருக்காது. அதனால தேயுமா தேயாதான்னு கேக்குறத விட, எங்க தேயும்னு செஞ்சவன் முன்னாடியே யோசிச்சானா, தேஞ்ச துண்ட மட்டும் கழட்டி மாத்த வழி வச்சானான்னு பாக்கணும். எனக்கு தரம்னா இதுதான், நாங்க டைய்ல, அதாவது அச்சுல, மாத்துற மாதிரி இன்சர்ட் துண்டு போடுறதும் இதுக்குத்தான்.

பெராஸி எம்எக்ஸ்8னு ஒரு துப்பாக்கி, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸுக்காக வந்தது, அதுல ட்ரிகர் செட்டே தனியா கழண்டு கையில வந்துடும், ஸ்பிரிங் உடைஞ்சா போட்டி நடுவுலயே மாத்திட்டு போகலாம். பெரெட்டா 680 வரிசைல குழல் சுழலுற எடத்துல குறுக்க முழு பின் கிடையாது, ரெண்டு பக்க சுவர்லயும் சின்ன குமிழ், அதையும் மாத்தலாம். பூட்டுறதுக்கு ரெண்டு கூம்பு ஊசி முன்னாடி வந்து குழல் முகத்துல இருக்குற குழியில உக்காருது, தேஞ்சா ஊசி இன்னும் கொஞ்சம் முன்ன போய் உக்காரும், ரொம்ப தேஞ்சா அளவு கூடின ஊசி போடலாம். என்ன அழகான வேலை. பிரௌனிங்கோட பழைய வடிவத்துல பூட்டு குழலுக்கு அடியில, அதனால பூட்டு இருக்குற நடு இரும்பு கொஞ்சம் ஆழம், அதுவும் நெஞ்சுரமான சாமான்தான்.

ஜனவரி 25

கிளப் சீனியர் ஒருத்தர் தோள்பட்டை வலியால விளையாட்ட விடுறார், அவரோட 680 வரிசை துப்பாக்கிய ரேஞ்சுக்கு கொண்டு வந்தார். 30 இன்ச் குழல். "பிரிச்சுக்கோ தம்பி, என்ன வேணா பாரு"ன்னு கையில குடுத்துட்டார்.

குழல மட்டும் கழட்டி அதோட அடியில இருக்குற கொக்கில ஒரு விரல குடுத்து தொங்கவிட்டு நகத்தால தட்டினேன். கோயில் மணி மாதிரி நீளமா ரீங்காரம். ரிப், அதாவது குழல் மேல ஒட்டியிருக்குற பட்டை, எங்கயாவது விட்டிருந்தா கரகரன்னு செத்த சத்தம் வரும். குழலுக்குள்ள வெளிச்சத்த பாத்து மெதுவா சுத்தினேன், உள்ள தெரியுற நிழல் வளையம் எங்கயும் நெளியல, அப்ப அடிபட்ட பள்ளம் இல்ல. துப்பாக்கிய வெடிச்சுப் பாத்து சோதிக்கிற இத்தாலி கார்டோனே சோதனைச்சாலை முத்திரை தெளிவா இருக்கு. முன்கட்டை இல்லாம ஆட்டினேன், அசைவே இல்ல. இத்தனை வருஷம் சுட்டும் லீவர் இன்னும் வலது பக்கம்!

ட்ரிகர பாக்க ஸ்னாப் கேப், அதாவது வெடி இல்லாத போலித் தோட்டா, போட்டு இழுத்தா முதல் குழலோட சுத்தி விழுந்துச்சு, ரெண்டாவது விழல. பக்கத்துல நின்ன பையன் "அண்ணா இது ரிப்பேரு"ன்னான். இல்லடா, இது இனர்ஷியா ட்ரிகர், முதல் வெடியோட உதைலதான் ரெண்டாவது தயாராகும், வெறும் கேப்ல உதை எங்க இருந்து வரும்னு சொல்லிட்டு பின்கட்டைய உள்ளங்கையில ஒரு குத்து குத்தி இழுத்தேன், விழுந்துச்சு. எஜெக்டர், அதாவது சுட்டத வெளிய தள்ளுற பாகம், ரெண்டு கேப்பையும் ஒரே நேரத்துல ஒரே தூரத்துல தள்ளுச்சு. கட்டைல ரேகை கைப்பிடி வழியா நேரா ஓடுது, அங்க குறுக்க ஓடினா உடையும்.

அப்புறம் பேட்டர்ன், அதாவது ரவை எப்படி சிதறுதுன்னு பாக்குறது. 40 கஜத்துல வெள்ளைப் பேப்பர், 24 கிராம் ரவை போட்ட தோட்டா. ரெண்டு குழலும் ஒரே எடத்துல போடுதான்னு பாக்கணும், எவ்வளவு விலை குடுத்தாலும் சில துப்பாக்கில மேல் குழல் ஒரு பக்கம் கீழ் குழல் ஒரு பக்கம் போகும், அத நம்மால சரிபண்ண முடியாது. இதுல ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துச்சு. பாதிக்கு மேல குறிக்கு மேல் பக்கம், ட்ராப்புக்கு அதுதான் வேணும், தட்டு ஏறிட்டே போகுதே.

கன்னம் வைக்கிற மேடு மட்டும் எனக்கு கொஞ்சம் தாழ்வு. கண்ணுதான் இதுல பின்பக்க குறிகாட்டி, கன்னம் தாழ்ந்தா கண்ணு ரிப்புக்கு கீழ போயிடும், எவ்வளவு நல்ல இரும்பா இருந்தாலும் தட்டு உடையாது.

பிப்ரவரி 1

வாங்குறதுன்னு முடிவு. சார் விலைய குறைச்சு சொன்னார், நான் பேரம் பேசல. ஆயுதச் சட்டப்படி விக்கிறவர் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் குடுத்து 45 நாள் கழிச்சுதான் கைமாத்தணும், அவர் இன்னைக்கு லெட்டர் குடுத்துட்டார். அதுக்குள்ள இரும்புப் பெட்டி சுவத்துல போல்ட் போட்டு நிறுத்தணும், மேடு ஏத்துறதுக்கு கட்டை வேலை தெரிஞ்ச ஆளா பாக்கணும், அப்பாவ ஒரு நாள் ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போகணும்.