எம்பி4 என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லா எம்பி4உம் ஓடாது

கிளிநொச்சி ரவுணில் வாங்கிய, கையில் வைத்து வீடியோ பார்க்கிற சின்னப் பிளேயர். பெட்டியில் எம்பி4, ஏவிஐ, எப்எல்வி, ஆர்எம்விபி என்று வரிசையாக அச்சடித்திருந்தது. "என்ன வீடியோ எண்டாலும் ஓடும் தம்பி, கொப்பி பண்ணிப் போட்டாச் சரி" என்றார் கடைக்காரர். யூரியூப்பிலிருந்து எடுத்த பைல்களில் ஒன்று "போமற் எரர்" என்று நின்றது. இன்னொன்றில் சத்தம் மட்டும் வந்தது. வேறொன்றில் படம் வந்தும் சத்தம் அமுங்கிப்போய்க் கிடந்தது. திருப்பிக் கொண்டுபோனால், "உங்கட பைல்தான் பழுது, சாமான் நல்லாத்தான் இருக்கு" என்ற பதில். பெட்டியோடு வரவேண்டிய, வீடியோ மாற்றுகிற மென்பொருள் உள்ள சின்ன சீடி எங்கே என்று கேட்டால், "அது இப்ப வாறதில்லை." பஸ் காசும் ஒரு நாளும் போனதுதான் மிச்சம்.

பிளேயர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. வன்னியில் இந்தச் சாமானுக்கு இன்னும் வேலை இருக்கிறது. யானைக் காவலுக்கு வயல் கொட்டிலில் இரவிருப்பவர்களுக்கும், சிக்னல் விழாத உட்கிராமத்தில் பாட வீடியோ பார்க்கிற பிள்ளைகளுக்கும், கோவலன் கூத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிற அம்மம்மாமாருக்கும் போன் பற்றரியைத் தின்னாத ஒரு சின்னப் பெட்டி பெரிய உதவி. அதனால்தான் விபரமாக எழுதுகிறேன். இனி வாங்குகிற ஒருவராவது இந்த அலைச்சல் படக்கூடாது.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். எம்பி4, ஏவிஐ என்பதெல்லாம் சாக்கு. உள்ளே நெல்லா உழுந்தா என்று சாக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொடெக் என்பது படத்தையும் சத்தத்தையும் சுருக்கி எழுதுகிற முறை. உள்ளிருக்கிற வீடியோ எந்தக் கொடெக், ஓடியோ எந்தக் கொடெக் என்பதுதான் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிக்கும். யூரியூப்பில் இப்போது விபி9, ஏவி1 வீடியோவும் ஓபஸ் ஓடியோவும் நிறைய. மலிவுப் பிளேயரின் சிப்புக்கு இவை ஒன்றுமே தெரியாது. பைலின் பெயரை மாற்றி முடிவில் ".ஏவிஐ" என்று போட்டால் ஓடும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம்.

பெட்டியைப் பிரித்ததும் பிளேயரைக் கொம்பியூட்டரில் சொருகி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு மாதிரி வீடியோ இருக்கும். போமற் பண்ணுவதற்கு முன் அதை வேறிடத்தில் கொப்பி பண்ணி வையுங்கள். சீடி இல்லாத குறையைத் தீர்ப்பது அந்தப் பைல்தான். மீடியாஇன்போ என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால் கொடெக், திரை அளவு, நொடிக்கு எத்தனை பிரேம், ஓடியோ எத்தனை ஹேர்ட்ஸ் எல்லாம் வந்துவிடும். அதை அப்படியே குறித்துக்கொண்டு, உங்கள் வீடியோவையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். ஊகம் தேவையில்லை. கடைக்காரர் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் இவ்வளவு வயிற்றெரிச்சல் இல்லை.

வீடியோ இறக்குவது சுலபம், வைடி-டிஎல்பி என்ற இலவச மென்பொருள் போதும். உரியவரிடம் அனுமதி உள்ள பாடங்கள், ஊரவர்களே எடுத்துப் போட்ட கூத்துகள், கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் உள்ளவை என்று பார்த்து இறக்குங்கள். யூரியூப்பின் விதிகள் பொதுவாக அதன் அனுமதியில்லாமல் இறக்க விடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். 1080பி எடுக்கவேண்டாம். அதில் படமும் சத்தமும் வெவ்வேறு பைலாக வரும், டேட்டாவும் போகும், 320×240 திரையில் அந்தத் தெளிவு தெரியப்போவதும் இல்லை. யூரியூப் ஒவ்வொரு பைல் வகைக்கும் ஒரு போமற் எண் வைத்திருக்கிறது. அதில் 18 கிடைத்தால் அதையே எடுங்கள். 360பி, எச்.264 கொடெக்கின் எளிய வகையான பேஸ்லைன், ஏஏசி ஓடியோ, படமும் சத்தமும் ஒரே பைலில். எச்.264 தெரிந்த பிளேயர் என்றால் பல நேரம் மாற்றாமலே ஓடிவிடும். என்னுடைய அமுங்கின சத்தத்துக்குக் காரணம் 139 என்ற ஓடியோ. அது எச்ஈ-ஏஏசி. பழைய சிப் அதில் பாதி அலைவரிசையை மட்டும் எடுத்து ஒலிக்கும். 140 எடுத்தால் சாதாரண ஏஏசி-எல்சி, பிரச்சினை இல்லை.

இணையத்திலேயே மாற்றித் தருகிறோம் என்கிற தளங்கள் பக்கம் போகாதீர்கள். ஏற்றவும் இறக்கவும் இரண்டு மடங்கு டேட்டா. "டவுன்லோட்" என்று மின்னுகிற பொத்தான்களில் பாதி விளம்பரம், சிலது நேரே வைரஸ்.

இனி மாற்றுகிற வேலை. மாதிரிப் பைல் ஏவிஐ, உள்ளே எக்ஸ்விட் கொடெக் என்று மீடியாஇன்போ காட்டினால், வீடியோ மாற்றுகிற ஹான்ட்பிரேக் மென்பொருளைத் திறந்து நேரத்தை வீணாக்காதீர்கள். அது பல வருடமாக ஏவிஐ எழுதுவதில்லை. அவிடெமக்ஸ் என்ற மென்பொருளை எடுங்கள். வீடியோ எம்பெக்4 ஏஎஸ்பி எக்ஸ்விட், ஓடியோ எம்பி3, வெளியீடு ஏவிஐ மக்ஸர். எக்ஸ்விட் செற்றிங்கில் பி-பிரேம் 0. குவார்ட்டர் பிக்சல், ஜிஎம்சி இரண்டும் இருக்கக்கூடாது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மலிவுச் சிப் திணறும், படம் கட்டம் கட்டமாக உடையும். வீடியோ 500 கிலோபிட், ஓடியோ 128 கிலோபிட், 44,100 ஹேர்ட்ஸ் ஸ்ரீரியோ, நொடிக்கு 25 பிரேம். ஒரு மணித்தியால வீடியோ 283 எம்பி அளவில் வரும், 8 ஜிபி மெமரி காட்டில் 25 மணித்தியாலத்துக்கு மேல் அடங்கும். கட்டளை எழுதி வீடியோ மாற்றுகிற எப்எப்எம்பெக் மென்பொருளைப் பாவிப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். அதன் சொந்த எம்பெக்4 என்கோடர் பைலுக்குள் எப்எம்பி4 என்று அடையாளம் எழுதும். பிளேயர் அதைப் பார்த்ததும் தெரியாத கொடெக் என்று மறுத்துவிடும். வீடியோ டாக் என்கிற அந்த அடையாளத்தை எக்ஸ்விட் என்று மாற்றிக் கொடுத்தால் அதே பைல் ஓடும்.

அகலப் படத்தை 320×240க்கு நேரே இழுத்தால் ஆட்கள் எல்லாரும் ஒல்லியாகி நீண்டுபோவார்கள். முதலில் 320×180 ஆக்கி, மேலும் கீழும் 30 பிக்சல் கறுப்புப் பட்டி சேர்க்கவேண்டும். கூத்து வீடியோவில் இது முக்கியம். கிரீடமும் உடுப்பும் கோணலாகத் தெரிந்தால் பார்க்கிறவருக்கு மனம் ஒப்பாது.

பழைய ஐபொட் கிளாசிக் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. 640×480க்குள், எச்.264 பேஸ்லைன், லெவல் 3.0, ஏஏசி 160 கிலோபிட்டுக்குள். ஹான்ட்பிரேக் இதற்குச் சரி, ஆனால் புரொபைலை நீங்களே பேஸ்லைனுக்கு மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் மெயின் அல்லது ஹை புரொபைலில் எழுதிவிடும்.

மிகச் சின்னத் திரைப் பிளேயர்கள் கேட்பது ஏஎம்வி என்ற பைல் வகை. மோசமான தொல்லை இதுதான். எப்எப்எம்பெக் 4.4இலிருந்து ஏஎம்வி எழுதும், ஆனால் கணக்குப் பிசகக்கூடாது. ஓடியோ 22,050 ஹேர்ட்ஸ், மோனோ. 22,050ஐ நொடிக்கான பிரேம் எண்ணால் வகுத்தால் மீதி வரக்கூடாது. வருகிற விடையைத்தான் புளொக் சைஸாகக் கொடுக்கவேண்டும். 15 பிரேமுக்கு 1470. 16 பிரேமுக்கு மீதி வரும், வேலை நின்றுவிடும். 128×96 என்ற அளவு சிக்கலில்லை. 160×120 வேண்டுமானால் 120 பதினாறால் வகுபடாது என்று எப்எப்எம்பெக் மறுக்கும். ஸ்ரிக்ட் என்ற இடத்தில் -1 கொடுத்தால் எழுதித் தரும்.

கரண்ட் விஷயம் தனியாகச் சொல்லவேண்டியது. மாரி காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இறக்கம் பாதியில் நின்றால் வைடி-டிஎல்பி விட்ட இடத்திலிருந்து தொடரும், மாற்றம் தொடராது. எம்பி4இல் பைலின் அட்டவணையைக் கடைசியாகத்தான் எழுதும். 95 வீதத்தில் கரண்ட் போனாலும் மிஞ்சுவது திறக்காத பைல். அதனால் பெரிய வீடியோவை முதலில் எம்கேவி என்ற இன்னொரு சாக்குக்குள் மாற்றுங்கள். அது இடையில் நின்றாலும் அதுவரை எழுதியது ஓடும். முடிந்தபின் கொடெக்கைத் தொடாமல் எம்பி4க்குள் கொப்பி பண்ணினால் போதும், ஒரு நிமிடமும் எடுக்காது.

சத்தம் முன்னே போக வாயசைவு பின்னே வந்தால், மூல வீடியோவில் பிரேம் வேகம் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். போனில் எடுத்ததும் சூம் வகுப்பைப் பதிவு பண்ணியதும் பெரும்பாலும் அப்படித்தான். ஹான்ட்பிரேக்கில் "கொன்ஸ்டன்ட் பிரேம்ரேட்" தெரிவு செய்யுங்கள், அவிடெமக்ஸில் ரீசாம்பிள் எப்பிஎஸ் பில்டரில் 25 கொடுங்கள்.

மெமரி காட்டில் 32 ஜிபிக்கு மேல் போகவேண்டாம். 64 ஜிபி காட் எக்ஸ்பற் போமற்றில் வரும், மலிவுப் பிளேயர் "காட் இல்லை" என்று சொல்லும். அதற்கு வேண்டியது பற்32 போமற். தமிழில் பெயர் வைத்த பைல்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும், ஆகவே ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். 01, 02 என்று பெயர் வைத்தாலும் பல பிளேயர்கள் அந்த ஒழுங்கில் காட்டாது, காட்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதுதான் முதலில் வரும். பாடங்களை மொத்தமாக இழுத்துப் போட்டால் ஐந்தாம் பாடத்துக்குப் பிறகு இரண்டாம் பாடம் வரும். வெறும் காட்டில் ஒவ்வொன்றாக, வரிசையாகக் கொப்பி பண்ணுங்கள்.

தமிழ் சப்டைட்டிலைத் தனிப் பைலாகப் போட்டால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். மாற்றும்போதே படத்தில் பதித்துவிடுங்கள்.

எந்த வீடியோவையும் முழுதாக மாற்றுமுன் நடுவிலிருந்து ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, பிளேயரில் போட்டுப் பாருங்கள். இனி வாங்கப் போகிறவர்கள் எக்ஸ்விட் ஏவிஐ ஒன்று, பேஸ்லைன் எம்பி4 ஒன்று, ஏஎம்வி ஒன்று என்று மூன்று சின்னப் பைல்களை ஒரு 8 ஜிபி காட்டில் கொண்டுபோய், காசு கொடுக்குமுன் கடையிலேயே சொருகி ஓடவிடச் சொல்லுங்கள். சொருக விடமாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.