அனுப்பினோம், அனுப்பியிருக்கோம், அனுப்பியிருப்போம்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் எனக்கு இது பதினெட்டாவது வருஷம். தோலைத் தடவிப் பார்த்து ரகம் சொல்லும் வேலை என்னுடையதல்ல. நான் மெயில் எழுதுகிறவள். நாள் முழுக்க நான் அதிகம் தட்டுகிற ஆங்கில வினைச்சொல் ‘செண்ட்’தான். சாம்பிள், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எது போனாலும் அந்தச் சொல்லில்தான் போகும்.

பள்ளியில் இதை மூன்று கட்டமாக மனப்பாடம் செய்தோம். கோ, வென்ட், கான். ரைட், ரோட், ரிட்டன். செண்ட், சென்ட், சென்ட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய் சொல்லும். ஆனால் எந்தக் கட்டத்தை எங்கே எடுத்து வைப்பது என்று யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. ‘செண்ட்’டில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சொல். முதல் கட்டத்துக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடு கடைசி ஒலியில் மட்டும்தான். தமிழிலோ மூக்கொலிக்குப் பின் வரும் டகரம் வண்டி, நண்டு என்று மெலிந்துதான் ஒலிக்கும். அதே பழக்கத்தில் போனில் ‘சென்ட்’ என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ‘செண்ட்’ என்றே விழும். ஆகவே எப்போது அனுப்பினோம் என்பதைச் சொல்லும் பாரம் முழுக்க முன்னால் நிற்கும் ஹேவ், ஹேட், வில், வுட் தலையில்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் இத்தாலியில் ஒரு பையருக்கு கலர் பார்க்க ஸ்வாட்ச் (சின்னத் தோல் துண்டுகள்) அனுப்பினோம். ‘வி ஹேட் சென்ட் தி ஸ்வாட்சஸ் ஆன் மண்டே’ என்று எழுதினேன். ஹேட் போட்டால் மரியாதையாக இருக்கும் என்று ஓர் எண்ணம். மறுநாள் பதில் வந்தது: பார்சல் திரும்பி வந்துவிட்டதா, வேறு அனுப்பப் போகிறீர்களா, அதுவரை காத்திருக்கட்டுமா? கலர் ஓகே ஆவது மூன்று நாள் தள்ளிப்போனது. நான் எழுதியதில் என்ன தப்பு என்றே எனக்குப் புரியவில்லை.

அப்போது எங்கள் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்ட பாய் அந்த மெயிலைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இன்னாம்மா, ‘திங்கக்கிழமை அனுப்சிருந்தோம்’னு ஒருத்தன் சொன்னா நீ இன்னா கேப்ப?”

“அப்புறம் இன்னா ஆச்சுன்னு கேப்பேன் பாய்.”

“அதத்தாம்மா அவனும் கேட்டுகீறான்.”

இலக்கணப் புத்தகம் தராத தெளிவை அந்த ஒரு கேள்வி தந்தது. அனுப்பியிருக்கிறோம் என்பதை ‘அனுப்சிகீறோம்’ என்று எங்கள் வடாற்காட்டுப் பேச்சில் சொல்கிறோமே, அந்தக் ‘கீறோம்’ செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் ஹேவ் செய்கிறது. ‘இருந்தோம்’ செய்கிற வேலையை ஹேட் செய்கிறது: பின்னால் நடந்த இன்னொன்றுக்கு முன்பே இது நடந்து முடிந்தது. செய்தித்தாள்களில் வெறுமனே ‘கூறினார்’ என்றாலே போதும் என்ற இடத்திலும் ‘கூறியிருந்தார்’ என்று வருகிறது. படித்துப் படித்து நம் கைக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இதைவிடக் கனமான சங்கடம் ‘வுட் ஹேவ்’வில். ஒருமுறை கண்டெய்னர் அந்தப் பக்கம் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் கைக்கு வந்தால்தான் பையர் சரக்கை எடுக்க முடியும். தாமதமானால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், கட்ட வேண்டும். பேப்பர் அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டார்கள். எங்களோடு வேலை பார்க்கும் பையன் ‘தி பேங்க் வுட் ஹேவ் சென்ட் இட்’ என்று எழுதிவிட்டான். அவன் மனதில் இருந்தது, ‘பேங்க்ல அனுப்பியிருப்பாங்க.’ அவர்கள் படித்தது, ‘அனுப்பியிருப்பார்கள், ஆனால் அனுப்பவில்லை.’ பதறிப்போய் போன் செய்தார்கள்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே அச்சு. ‘இந்நேரம் அனுப்பியிருப்பாங்க’ என்பது ஊகம். ‘சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேனே’ என்பது நடக்காமல் போனது. எது எது என்று நமக்கு இடம் பார்த்தே விளங்கிவிடும். ஆங்கிலம் படிக்கிறவர் வுட் ஹேவ் என்றதும் பெரும்பாலும் இரண்டாவதையே எடுத்துக்கொள்வார். ஊகத்துக்கு மஸ்ட் ஹேவ் சென்ட் என்று எழுதலாம். ஆனால் சரக்கு துறைமுகத்தில் கிடக்கும்போது ஊகத்தை எழுதுவதே சரியில்லை என்பது என் எண்ணம். பேங்கைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் தேதியோடு ‘சென்ட்’ என்று எழுதினால் அவர்கள் நிம்மதியாக வேலையைப் பார்ப்பார்கள்.

தமிழ் கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு. ‘நேத்து அனுப்பியிருக்கோம்’ என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் யெஸ்டர்டே வந்தால் ஹேவ் கூடாது. முடிந்துபோன நாளைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் வெறும் சென்ட்தான். இதற்குத் தமிழில் ஒப்புமை காட்ட நானும் எவ்வளவோ முயன்றேன், கிடைக்கவில்லை. பழக்கத்தால்தான் வர வேண்டும்.

போன வாரம், வாலாஜாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெண் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாள்.

“அக்கா, நேத்து சாயந்திரமே கூரியர் போட்டாச்சு. இதுல ஹேவ் வரணுமா?”

“தேதி எழுதிட்டியா?”

“எழுதிகீறேன்கா.”

“அப்ப வேணாம்.”

நாலு எழுத்தை அழித்தாள். மீண்டும் ஒருமுறை முணுமுணுத்துப் படித்துவிட்டு மெயிலைத் தட்டினாள். மணி 1.30. குளிர்காலம் என்பதால் இத்தாலியில் காலை 9. ஆபீஸ் திறந்திருப்பார்கள்.