ஊட்டி ஈரத்திலும் கெடாத கேம் டிஸ்க்

ஜூன் பிறந்து காற்று தொடங்கிவிட்டால் எங்கள் காந்தல் பக்கம் இன்டர்நெட்டை நம்ப முடியாது. எங்காவது ஒரு கற்பூர மரம் கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாயும். லைன் எப்போது வரும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. அந்த நாட்களில் கேம் விளையாட ஆசைப்பட்டால் அது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். டவுன்லோடு செய்த கேம்களை டிவிடியில் ரைட் பண்ணி வைக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் தொடங்கியது.

இப்போது மழை மட்டும் காரணமில்லை. 2014-இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் தேவை என்பதால், கடையில் பெட்டியோடு டிஸ்க் வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு விளையாட முடியவில்லை. அப்படியானால் டிஸ்க் கையில் இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். நெட்டைப் பிடுங்கிவிட்டு, காலியான ஒரு கம்ப்யூட்டரில் அந்த டிஸ்கை மட்டும் வைத்து இன்ஸ்டால் செய்து விளையாட முடிந்தால்தான் அதை பேக்கப் என்று சொல்வேன்.

நெட்டில் கேம் விற்கும் கடையான ஸ்டீமில் பேக்கப் எடுக்கும் வசதி உண்டு. ஆனால் அந்த ஃபைல்களைத் திரும்பப் போட ஸ்டீமே வேண்டும், அதில் உங்கள் கணக்கும் வேண்டும். டவுன்லோடு நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். 2008-இல் தொடங்கிய ஜிஓஜி என்ற இன்னொரு கடை வேறு மாதிரி. அங்கே டிஆர்எம் என்ற காப்பித் தடைப் பூட்டு கிடையாது; வாங்கிய கேமுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலரையே தருகிறார்கள். பெரிய கேம் என்றால் ஒரு சிறிய செட்டப் ஃபைலும், ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் அடங்கும் பின் (.bin) ஃபைல்களுமாக வரும். 4.7 ஜிபி டிவிடியில் அப்படி ஒரு பின் ஃபைல் கச்சிதமாக உட்காரும். திரும்பப் போடும்போது எல்லாத் துண்டுகளையும் ஹார்டு டிஸ்கில் ஒரே ஃபோல்டருக்குள் காப்பி செய்துகொண்டு செட்டப்பை ஓட்டினால் போதும்.

100 ஜிபி கேமுக்கு டிவிடி எடுத்தால் இருபதைத் தாண்டும். அதற்கு 25 ஜிபி ப்ளூ-ரே தான் சரி. நான் அதிகம் ரைட் செய்வது பழைய கேம்களை. ஒரே டிவிடியில் பல அடங்கும். கூடவே பேட்ச், மேனுவல், சீரியல் நம்பர் எழுதிய டெக்ஸ்ட் ஃபைல், கேம் ஓடத் தேவைப்படும் மைக்ரோசாஃப்ட் துணை ஃபைல்களான டைரக்ட்எக்ஸின் 2010 ஜூன் தொகுப்பு, விஷுவல் சி++ ஃபைல்கள் எல்லாம் போகும். பழைய கேம் பல, இவற்றில் ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்த நேரத்தில் நெட்டில் தேட முடியாத நிலையை நினைத்துத்தான் டிஸ்கைத் தயார் செய்ய வேண்டும்.

என் அக்கா மகன் கோவையில் படிக்கிறான். லீவுக்கு வந்தவன், "மாமா, ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்ல எல்லாமே அடங்கிடுமே, எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஹார்டு டிஸ்கிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது கம்ப்யூட்டரோடு மாட்டியிருக்கும் ஹார்டு டிஸ்க் போகலாம். வைரஸ் வந்தால் அதிலுள்ள ஃபைலும் கெடலாம். ஒரு முறை ரைட் பண்ணி மூடிய டிவிடி-ஆரில் யாரும் எதையும் மாற்றி எழுத முடியாது.

பல வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். கல்யாண வீடியோ, காதுகுத்து போட்டோ, கல்லூரி ப்ராஜெக்ட் என்று அங்கே ரைட் பண்ணிக் கொடுத்தவை ஏராளம். அவற்றில் சிலவற்றை இன்றும், "தம்பி, இது ஓட மாட்டேங்குது" என்று எடுத்து வருவார்கள். டிஸ்கைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் ஊதா நிறப் பரப்பு முழுக்கத் தெளிவாக இருக்கும், வெளி விளிம்பை ஒட்டி மட்டும் பால் கலங்கியது போல ஒரு வளையம் தெரியும். டிஸ்கில் எழுத்து உள்ளிருந்து வெளியே போகும்; கெடுவதோ பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்கும். அதனால் நான் 4.7 ஜிபியையும் நிரப்புவதில்லை, விளிம்பில் கொஞ்சம் காலியாக விட்டுவிடுவேன். 16 எக்ஸ் வேகம் தாங்கும் டிஸ்காக இருந்தாலும் 8 எக்ஸ் வேகத்தில்தான் ரைட் செய்வேன். இம்க்பர்ன் என்ற ரைட்டிங் புரோகிராமில், எழுதியதைச் சரிபார்க்கும் வெரிஃபை டிக் போடாமல் எதையும் முடிப்பதில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி கணக்கிடும் எஸ்ஹெச்ஏ-256 எண்களை ஒரு ஃபைலில் எழுதி அதே டிஸ்கில் போட்டுவிட்டால், பத்து வருடம் கழித்தும் ஒரு பைட் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

ஆப்டிகல் டிஸ்குகளுக்கு அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி பரிந்துரைத்த வெப்பநிலை 4 முதல் 20 டிகிரி வரை, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் வரை. குளிர் விஷயத்தில் ஊட்டியை அடிக்க ஆளில்லை. சென்னையில் ஏசி போட்டுக் கொண்டுவரும் குளிர் இங்கே சும்மா கிடைக்கிறது. ஈரம்தான் எதிரி. மழைக்காலத்தில் தோல் பெல்ட், பழைய கேமரா லென்ஸ், அலமாரியில் மடித்து வைத்த துணி, எல்லாவற்றிலும் பூஞ்சை ஏறும். பெலீஸ் நாட்டில் ஒரு சிடியின் அலுமினியத்தையே பூஞ்சை தின்றிருந்ததை 2001-இல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

இதற்கு வழி சொன்னது பெரியப்பா. இந்து நகர் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே ஃபிலிமும் கருப்பு வெள்ளை ஃபிலிமும் செய்த தொழிற்சாலை அது. ஈரத்திலிருந்து ஃபிலிமைக் காப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. "டப்பா இறுக்கமா மூடணும், உள்ள நீல சிலிகா ஜெல் போடணும். அது ரோஸ் ஆச்சுன்னா எடுத்து சூடு பண்ணிக் காய வெச்சுத் திரும்பப் போடுப்பா" என்றார். ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் டிஸ்குகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூலையில் ஜெல் பொட்டலம் வைக்கிறேன். ஆகஸ்டில் அது எவ்வளவு சீக்கிரம் ரோஸாகிறது என்று பார்த்தால் நம் அறைக் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று புரியும். டிசம்பர் உறைபனிக் காலத்தில் இன்னொன்று: குளிர்ந்த டிஸ்கை டப்பாவிலிருந்து எடுத்த கையோடு டிரைவில் தள்ளக்கூடாது. மேலே நீர் படியும். அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டுப் போடலாம்.

இது திருட்டு சிடி சமாச்சாரம் இல்லை. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாக வாங்கிய புரோகிராமுக்கு இழப்பிலிருந்து காத்துக்கொள்ள பேக்கப் எடுக்க இடம் தருகிறது. எடுத்ததை நண்பனுக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது.

எனக்கு உண்மையான கவலை வேறு. 28 ரூபாய்க்குத் தமிழ்ப் பட விசிடி கொடுத்த மோசர் பேரை ஞாபகம் இருக்கும்; காலி டிஸ்கிலும் நம் ஊர்க் கடைகளை நிரப்பிய அந்த நிறுவனம் 2018-இல் கலைப்புக்குப் போனது. சோனி 2025 பிப்ரவரியோடு ரைட் செய்யும் ப்ளூ-ரே தயாரிப்பை நிறுத்திவிட்டது. லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் என்ற ஒன்றே இப்போது பெரும்பாலும் வருவதில்லை. டிஸ்க் இருபது வருடம் தாங்கினாலும் படிக்க டிரைவ் வேண்டுமே! யுஎஸ்பி ரைட்டர் இன்னும் கிடைக்கிறது, விலையும் தாங்கக்கூடியதுதான். ஒன்றைப் பயன்படுத்துகிறேன், இன்னொன்றைப் பிரிக்காமல் அதே டப்பாவில் ஜெல்லோடு வைத்திருக்கிறேன். உங்களிடமும் டிஸ்க் சேர்ந்திருந்தால் இந்த மழைக்கு முன்பே ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.