ஆளில்லாமல் எரிந்த மாடிப்படி விளக்கு

எங்கள் வீட்டு மாடிப்படி விளக்குக்குக் கீழ்த்தளத்தில் மட்டுமே சுவிட்ச் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, அவர் இரவில் இருட்டில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஆள் வந்தால் தானே எரியும்படி அந்த விளக்கை மாற்றிவிடத் தீர்மானித்தேன். கடையில் விற்கும் சென்சார் விளக்கை வாங்கி மாட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே அது எரிய வேண்டும், எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதைக் கைப்பேசியிலிருந்தே மாற்ற வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை. டிராயரில் ஓராண்டாக உறங்கிக்கொண்டிருந்த நோட்எம்சியு என்ற சிறு கணினிப் பலகைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது.

அந்தப் பலகையில் இருப்பது இஎஸ்பி8266 என்னும் வைஃபை சிப். அதனுடன், உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு ஆளை உணரும் எச்.சி-எஸ்ஆர்501 என்ற பிஐஆர் சென்சாரையும், பலகையின் கட்டளைப்படி விளக்கை இயக்கும் சுவிட்சான ரிலே ஒன்றையும் இணைத்தேன். சென்சார் 5 வோல்ட்டில் இயங்கினாலும் அதன் வெளியீடு 3.3 வோல்ட்தான் என்பதால் பலகையுடன் நேராகவே இணைக்கலாம். ரிலேக்கு அப்பாலுள்ள 230 வோல்ட் இணைப்பை எலெக்ட்ரீசியனிடம் விட்டுவிட்டேன்.

முதல் தவறு, சென்சாரைப் பலகையின் டி3 என்ற பின்னில் (இணைப்புக் காலில்) செருகியது. மின்சாரம் கொடுத்தால் பலகை உயிர் பெறவில்லை. நான் குனிந்து ரீசெட் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒழுங்காக ஓடியது. டி3 என்பது சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ 0 என்ற கால். தொடங்கும் கணத்தில் அந்தப் பின் தாழ்நிலையில், அதாவது ஏறக்குறைய 0 வோல்ட்டில், இருந்தால், சிப் நம் நிரலை ஓட்டாமல், புதிய நிரலை ஏற்றுவதற்காகக் காத்திருக்கும். எதிரே ஆளில்லாதபோது சென்சாரின் வெளியீடு தாழ்நிலையில் இருக்கும். நான் குனியும்போது என்னையே உணர்ந்து அது உயர்நிலைக்குப் போய்விடுகிறது! சென்சாரை டி2-க்கும் ரிலேயை டி1-க்கும் மாற்றியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

நிரலில் 30 நொடிக்கு டிலே என்ற காத்திருப்புக் கட்டளையைப் போட்டிருந்ததால், விளக்கு எரியும் நேரம் முழுவதும் கைப்பேசியில் அமைப்புகளை மாற்றும் பக்கம் திறக்காமல் நின்றது. அதை எடுத்துவிட்டு, கடைசியாக ஆள் தெரிந்த நேரத்தை, பலகை தொடங்கியதிலிருந்து மில்லிநொடிகளை எண்ணும் மில்லிஸ் கொண்டு குறித்துவைத்துக் கழித்துப் பார்க்கும் முறைக்கு மாறினேன்.

உண்மையான தலைவலி அதன் பிறகுதான் தொடங்கியது. எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடக்கிச் சுவரில் மாட்டிய அன்றிரவு, படியில் ஒருவரும் இல்லாமலே விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. "பல்லியா இருக்கும்டா" என்றார் அம்மா. பல்லியின் உடல் வெப்பம் சுவரின் வெப்பத்தை ஒட்டியே இருப்பதால், இந்தச் சென்சாரின் கண்ணில் அது படுவது அரிது. ஏனெனில் சென்சார் அளப்பது அசைவை அன்று. அதனுள் அருகருகே இருக்கும் இரண்டு உணர்பரப்புகளின் மேல் விழும் அகச்சிவப்புக் கதிர்களின் வேறுபாட்டை. முன்னாலிருக்கும் வெள்ளைக் குமிழ் ஒரு பிரெனெல் லென்ஸ். அது படிக்கட்டைப் பல பட்டைகளாகப் பிரித்துக் காட்டுவதால், சூடான உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது அந்த வேறுபாடு மாறுகிறது. அதில் பிறக்கும் மின் சைகை மிகமிக நுண்ணியது. பல மடங்கு பெருக்கிய பிறகே பயன்படும்.

அந்தப் பெருக்கிக்கு இரண்டு அங்குலம் தள்ளி வைஃபை ஆன்டெனாவை நானே வைத்திருந்தேன். சந்தேகம் வந்து, ஓரிரவு நிரலில் வைஃபையை முழுவதுமாக அணைத்துப் பார்த்தேன். விளக்கு ஒருமுறைகூட வீணாக எரியவில்லை. பலகை தரவு அனுப்பும் ஒவ்வொரு முறையும் வானலை சென்சாரின் சுற்றுக்குள் புகுகிறது. அதே கணத்தில் மின்னோட்டமும் திடீரென உயர்வதால் 5 வோல்ட் மின்னழுத்தம் சற்றே தாழ்கிறது. ஆகவே சென்சாரைத் தனியே பிரித்து ஒன்றரை அடி கம்பியில் தள்ளிவைத்து, அதன் மின் இணைப்பின் குறுக்கே மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் 220 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து, வைஃபையின் அனுப்புதிறனை 20.5 டிபிஎம்மிலிருந்து (வானலைத் திறனின் அலகு) 10-க்குக் குறைத்தேன். மூன்றில் எது குணப்படுத்தியது என்று பிரித்துச் சோதிக்கும் பொறுமை எனக்கு இல்லை. இடம் மாற்றும்போதே, ஏறுபவர் சென்சாரை நோக்கி நேரே வராமல் குறுக்கே கடக்கும்படி பக்கச் சுவரில் பொருத்தினேன். நேரே வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது விரைவாகக் கண்டுகொள்கிறது.

கடைசியில் ஒரு விசித்திரம். நள்ளிரவில் மின்சாரம் போய் வந்த ஒரு நாள், இணைய இணைப்பு மட்டும் திரும்பவில்லை. விளக்கு அரை மணி நேரம் சரியாக வேலை செய்துவிட்டு, பிறகு இருட்டிலேயே ஓய்ந்துவிட்டது. நேரத்தை இணையத்திலிருந்து பெற முடியாத நிரல், பல கணினிகள் நேரக் கணக்கைத் தொடங்கும் நாளான 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது; இந்திய நேரத்துக்காக நான் கூட்டியிருந்த 19,800 நொடிகளால் (ஐந்தரை மணி நேரம்) அதன் கடிகாரம் காலை 5.30-இல் பிறந்து, 6 மணி ஆனதும் விளக்குக்கு விடுமுறை கொடுத்துவிட்டது. ஆண்டு 2020-க்குக் குறைவாக இருந்தால் நேரத்தையே பார்க்காமல் விளக்கை எரிய விடு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.